இருட்டுக்குச் சலாம் இல்லை

நாற்பத்தாறு வயதில் வீரம்மா போனில் கேம் ஆடிக்கொண்டு கிடக்கிறாள் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. பேசட்டும், எனக்கென்ன? நான் ஆசைப்பட்டா வீட்டில் கிடந்தேன்? கணக்கப்பிள்ளை ஜீவராஜ் என்னை வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் புதுத் தராசு வந்தது. பாட்டரியில் ஓடும், சிவப்பாக எண் காட்டும். அது வந்த நாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கிலோ குறைந்தது. மலையும் அதேதான், செடியும் அதேதான், பறிக்கிற விரலும் அதேதான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க மழையில் நனைந்தவளுக்குப் பாதி நாள் சம்பளம். மடுவத்துக்கு வெளியே எல்லோரும் புலம்புவார்கள். உள்ளே போனதும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக் கடைக்காரர் வலப்பனை டவுனிலிருந்து கொண்டுவந்து விற்கிற சீனிப் பாக்கெட் ஒன்றை வாங்கி, பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போனேன். என் முறை வந்ததும் கொழுந்துச் சாக்குக்குப் பதில் அதைப் பையோடு தராசுக் கொக்கியில் மாட்டினேன். பாக்கெட்டில் ஒரு கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. தராசு முக்கால் கிலோ என்றது.

“கொழுந்துல ஈரம்னு சொல்லிக் கழிக்கிறீங்க. சீனியிலயும் ஈரம் இருக்குங்களா ஐயா?” என்று கேட்டேன்.

மடுவமே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் ஜீவராஜால் தாங்க முடியவில்லை. மரியாதைக் குறைவு என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ச் சொல்லி, அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார்.

சங்கத்தின் தோட்டத் தலைவர் மாயாண்டி சமாதானம் பேச வந்தார். சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறேன், எனக்காகத் துரையிடம் சண்டை பிடித்திருப்பார் என்று நினைத்தேன். நல்லாப் பிடித்தார்!

“திங்கக்கெழம காலையில பேர் பதிய வரிசையா நிக்கிறப்ப, பெரட்டுக்குத் துரை வர்றாரு. எல்லார் முன்னாடியும் கும்பிட்டு, தராசு சரிதான், நான்தான் தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அன்னைக்கே வேலை. சொல்லலன்னா பேர வெட்டிருவாங்க.”

“தராசு சரின்னு நானே சொல்லிட்டா, அப்புறம் எவ வாயத் தொறப்பா தலைவரே?”

“அடுத்தவளப் பத்தி ஒனக்கென்ன? ஒம் மக படிப்பப் பாரு.”

அது சுருக்கென்று தைத்தது. என் மகள் தனுஷிகா நுவரெலியாவில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் அப்பா இறந்ததிலிருந்து பஸ் காசு முதல் பீஸ் வரை எல்லாமே என் கொழுந்திலிருந்துதான். பேரை வெட்டினால் படிப்பு அத்தோடு சரி.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தன்னுடைய பழைய போனைக் கையில் கொடுத்து, “இத ஆடிப் பாருங்கம்மா, மனசு மாறும்” என்றாள். பெற்றவளின் மனசை மாற்ற அவள் கொடுத்தது என்ன தெரியுமா? பேய்க் கேம். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர், என் வாயில் நுழையவில்லை. நான் இருட்டுக் கேம் என்று சொல்வேன்.

ஆகாயத்துக்கும் அப்பால் ஒரு கப்பல் போகிறது. வெளியே வெறும் இருட்டு. அந்த இருட்டில் ஒன்று இருக்கிறது. சூரியனைவிடப் பெரிசு, முகமும் இல்லை, கையும் இல்லை. அது கிட்ட வரும்போது நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையும், கப்பலின் தகரம் முனகும், நம் முதுகுத்தண்டும் கூசும். பொய் சொல்லமாட்டேன், முதல் தடவை போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

“அது வந்ததும் கப்பல்ல உள்ளவங்க எல்லாரும் வரிசையா வந்து முட்டி போடுவாங்க. நீங்களும் இந்த எடத்துல விரல வச்சா முட்டி போடலாம். போட்டா நீங்க உசுரோட இருப்பீங்க” என்று தனுஷிகா சொல்லிக் கொடுத்தாள்.

வைத்தேன். கப்பல் ஜன்னல்களில் ஒரு விளக்கு அணைந்தது. வரிசையில் ஓர் ஆள் காணாமல் போனான்.

“அவன் எங்க?”

“நீங்க முட்டி போட்டதுக்கு அது அவன எடுத்துக்கிருச்சு. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர எடுக்கும். கடைசியா நீங்க மட்டும் மிஞ்சினா, நீங்கதான் ஜெயிச்சீங்க.”

“ஒத்தையில இருட்டுக்குள்ள கெடக்கிறது ஒங்க ஊர்ல ஜெயிக்கிறதா? முட்டி போடலன்னா?”

“செத்துருவீங்க. மொதல்ல இருந்து ஆடணும். அத ஜெயிக்க முடியாதும்மா. அதுக்கு முன்னாடி நம்ம தூசி. அந்தப் பயத்துக்காகத்தான் உலகம் பூரா காசு குடுத்து ஆடுறாங்க.”

“பயத்துக்குக் காசா? எங்க பெரட்டுக்கு வரச் சொல்லு, சும்மாவே தர்றோம்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவள் படிக்கப் போனதும், ரொட்டியைத் தின்றுவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அதை எடுத்தேன். அந்தப் பிசாசு வந்தது, எல்லோரும் முட்டி போட்டார்கள். நான் போடவில்லை. செத்தேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி செத்தேன். அந்தக் கேம் செய்தவனையும் ஜீவராஜையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்று சும்மாவா சொன்னார்கள்!

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஆடுகிறவர்கள் எல்லோரும் அந்த இருட்டையே பார்ப்பார்களாம், பயம் அங்கேதானே இருக்கிறது. நான் பதினாறு வயதிலிருந்து பெரட்டு வரிசையில் நிற்கிறவள். எனக்குக் கண் வரிசைக்குத்தான் போகும். யார் வந்திருக்கிறாள், யாருக்குக் காய்ச்சல், யார் அழுதிருக்கிறாள் என்று பார்க்காமல் எனக்கு விடியாது. அப்படிப் பார்த்தபோது, நான் சாகிற நேரத்தில் முட்டி போட்டிருந்த ஒருத்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அடுத்த தடவை அது வந்தபோது அவள் முட்டி போடவில்லை. என்னோடு நின்று, என்னோடு செத்தாள். அதற்கடுத்த தடவை இன்னொருத்தன் நின்றான்.

சாயங்காலம் தனுஷிகா வந்ததும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“நான் எத்தன தடவ ஆடியிருக்கேன், இப்பிடி நடந்ததே இல்லையேம்மா!”

“நீ எத்தன தடவ நின்ன?”

அவள் போனை மடியில் வைத்தாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, “படிப்பு நின்னாலும் பரவால்லம்மா. தராசு சரின்னு மட்டும் சொல்லிறாதீங்க” என்றாள். அடி என் தங்கமே என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒரே பனி. மடுவத்துக்கு முன்னால்தான் பெரட்டுக்களம். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். ஜீவராஜ் கல்யாண வீட்டு மாப்பிள்ளை போல அவர் பக்கத்தில் நின்றார். மாயாண்டி என்னைப் பார்த்து, கும்பிடு என்று கையால் காட்டினார்.

“சொல்லு வீரம்மா” என்றார் துரை.

நான் துரையைப் பார்க்கவில்லை, வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லோரும் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தராசு தப்பு. நான் சொன்னதுதான் சரி. ஒங்களுக்கும் அது தெரியும்.”

துரை ஜீவராஜிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். “ஒம் பேர வெட்டியாச்சு, போ!” என்று ஜீவராஜ் கத்தினார். லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருக்கிற லெட்சுமி, இத்தனை வருசத்தில் ஒரு எதிர்ப்பேச்சுப் பேசி நான் கேட்டிராத லெட்சுமி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்தது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். தனுஷிகா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

“செத்துட்டீங்களாம்மா?”

“செத்துட்டேன்.”

“அப்ப நாளைக்கு?”

“மொதல்ல இருந்து.”

மறுநாள் காலையில் படங்கைக் கட்டிக்கொண்டு மறுபடி போய் வரிசையில் என் இடத்தில் நின்றேன். ஜீவராஜுக்கு முகம் சிவந்தது.

“ஒனக்குத்தான் பேர் இல்லையே. வெக்கமில்லாம எதுக்கு வந்த?”

“நிக்க வந்தேங்க.”

“வேலை இல்லன்னு சொல்றேன், எதுக்கு நிக்கிற?”

நான் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமி வரிசையை விட்டு வெளியே வந்தாள். பைக்குள் கை விட்டு எதையோ தேடினாள். வெளியே எடுத்தது பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பாக்கெட்.

“அவ பேர வெட்டினா எம் பேரையும் வெட்டிருங்க ஐயா. ஆனா மொதல்ல இத நிறுங்க.”

அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் சரசரவென்று பைகள் திறக்கிற சத்தம். ஒருத்தியிடம் பருப்பு, ஒருத்தியிடம் கோதுமை மா, ஒருத்தியிடம் உப்பு. படுபாவிகள், என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லோரும் கடைக்குப் போயிருக்கிறார்கள்! ஜீவராஜ் துரை வருகிற ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எங்களில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மடுவத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தராசுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றோம்.