நிலானியைப் பற்றி நிலானி எழுதியது

1

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசை. மின்விசிறிக்கு நேர் கீழே நிலானி, மடிக்கணினியோடு. எதிரே அவள் அம்மா ராஜினி, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு. சன்னலோரம் மெஹ்ரின்; கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த தோழி, போன வருடம் இதே மேற்படிப்பு விண்ணப்ப அலைச்சலை முடித்தவள். நான்காவது நாற்காலியில் மடிக்காத துணி.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. கதை கிடைத்தது பங்சார் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையில்: “அவளுக்கு அவளே சிபாரிசுக் கடிதம் எழுதினாளாம்.” காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதி என் பொறுப்பு.

2

“சிறு வயது முதலே நட்சத்திரங்களைப் பார்த்து வளர்ந்த நிலானி—”

(அடித்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஏது நட்சத்திரம்?)

கனடாவில் இயற்பியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஜிஆர்இ தேர்வில் மதிப்பெண் சுமார். உதவித்தொகை இல்லாவிட்டால் பயணமே இல்லை. அதைத் தரும் அறக்கட்டளை, பேராசிரியர் தாளில் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்ட கடிதம் கேட்கிறது. எழுதவேண்டிய அவள் ஆய்வகப் பேராசிரியர் டாக்டர் கிரிதரனோ, “நீயே எழுதிக் கொண்டா லா, நான் சைன் பண்றேன்” என்றுவிட்டார். கெட்ட எண்ணமில்லை. நிறையப் பேர் அப்படித்தான்.

3

மெஹ்ரின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

“‘பணிவானவர். நேரம் தவறாதவர். பெரியோரை மதிப்பவர்.’ ஏய், இது பிஹெச்டிக்கா, பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கா?”

“ஸ்கூல்ல இப்படித்தானே சர்ட்டிபிகேட் குடுத்தாங்க.”

“நல்லாத்தானே இருக்கு,” என்றாள் ராஜினி. “சமைக்கத் தெரியாதுன்னு மட்டும் எழுதிடாத.”

“ஆன்டி, சும்மா இருங்க! நிலா, நீ லேப்ல என்ன பண்ணே? அத எழுது.”

நிலானி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆய்வகத்தில் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை கருவி காட்டும் அளவு துள்ளும். புதிய விளைவு என்று கிரிதரன் ஒரு மாநாட்டில் அறிவித்துவிட்டார். ஏழு மாதம் கழித்து நிலானிதான் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோனை அணைத்துப் பார்த்தாள். துள்ளல் நின்றது.* போய்ச் சொன்னாள். அவர் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை; பிறகு மாநாட்டுக்குத் திருத்தம் அனுப்பினார்.

“அத எழுதினா சார் சைன் பண்ண மாட்டாருடி.”

“எழுதலன்னா காசு வராது. பணிவானவங்க அங்க ஏற்கெனவே நிறைய இருப்பாங்க.”

* ஏர்கோன் என் கற்பனை. இயற்பியல் படித்தவர்கள் திருத்தி எழுதினால் வருத்தப்பட மாட்டேன்.

4

[ஒரு முடிவு: பணிவையே அனுப்புகிறாள். எனக்குச் சுலபம். மெஹ்ரின் மன்னிக்க மாட்டாள்.]

[இன்னொன்று: கிரிதரன் தாளைக் கிழிக்கிறார். அவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன்; ஒவ்வொரு முறையும் மனிதர் அவளுக்கு ஒரு தம்ளர் தே தாரேக் தேநீர் வாங்கிவந்து வைத்துவிடுகிறார்.]

5

ஆகவே நிலானி ஏர்கோன் கடிதத்தோடு அவர் அறைக்குப் போனாள். அவர் இரண்டு முறை வாசித்தார்.

“இது அவங்களுக்குத் தெரியணுமாம்மா?”

“வேணாம்னா வேற ஒண்ணும் வச்சிருக்கேன் சார்.” பணிவுக் கடிதத்தையும் நீட்டினாள்.

அவர் அதையும் வாசித்தார். ஒரு தடவைதான்.

“இது யாரு?” என்றார். “ரெண்டும் இங்கயே இருக்கட்டும். நீ வெளிய உக்காரு.”

கதவுக் கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது உறை ஒட்டியிருந்தது, ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்து.

“என்ன எழுதுனீங்க சார்?”

“ஒட்டின லெட்டர்மா. கேக்கக் கூடாது. ஓடு, போஸ்ட் ஆபீஸ் மூடிருவாங்க.”

திறந்து பார்க்க என்னால் முடியும். அந்த அறையைக் கட்டியவனே நான்தான். ஆனால் அவரை முதுகு காட்டி உட்காரவைத்ததும் நான்தானே. உள்ளே இருப்பதை நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள், நிலானிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அஞ்சலகப் பெண் உறையைத் தராசில் வைத்து, “கனமா இருக்கே அக்கா” என்றாள். முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.