பதிவுக்கு முன்னால் ஒரு கதவு

குளியலறை நிலைக்குக் குறுக்கே நாடாவைப் பிடித்துப் பேக்கரிக்காரர் மூன்றாவது முறையாக அளந்தார். எத்தனை முறை அளந்தாலும் அவருடைய அம்மாவின் சக்கர நாற்காலி நுழைய நான்கு விரல்கடை போதவில்லை.

“சிஸ்டர், பத்திரம் பதிய இன்னும் நாப்பது நாள் இருக்கு. பதிஞ்ச மறுநாளே நாங்க குடிவந்தாகணும், வாடகை வீட்டுக்காரர் அதுக்கு மேல ஒரு நாள்கூட விடமாட்டேங்கிறார். அதுக்குள்ள இந்த ஒரு கதவ மட்டும் அகலப்படுத்திக்கட்டுமா?”

நர்ஸ் நிலையைத் தடவிப் பார்த்தாள். வீடு இன்னும் அவள் பெயரில்தான் இருந்தது; இன்னும் அதில்தான் குடியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தனக்கென்று பார்த்து வைத்த சின்ன ஃபிளாட்டுக்கு இந்த விற்பனைப் பணம்தான் போகவேண்டும். ஆனால் முப்பது வருஷமாக வார்டில் படுக்கையோடு கிடப்பவர்களைத் துடைத்துவிட்டவள் அவள். துடைக்கும்போது அவர்கள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வதை நன்றாகவே அறிவாள். சரி என்றாள். இந்தக் கதவு மட்டும் என்று எழுதியும் வாங்கிக்கொண்டாள்.

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் தம்பி, விஷயம் தெரிந்ததும் குதித்தான். “வீட்ட விக்கிறே, சரி. சம்மட்டியையுமா குடுப்பே? நாளைக்கு அவர் வாங்கலன்னு கைய விரிச்சா ஓட்ட வீட்ட வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணுவே?”

தம்பியின் வாய்முகூர்த்தமோ என்னவோ, மூன்றாம் நாளே வினை வந்தது. கொத்தனார் நிலையைப் பெயர்த்ததும், மேலே சுவரைத் தாங்கியிருந்த லிண்டல், உள்கம்பி துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தது தெரிந்தது. அவர் “விலகுங்க!” என்று கத்தி முடிப்பதற்குள் பாதிச் சுவர் பொலபொலவென்று சரிந்தது. ஆளுக்கு அடியில்லை. ஆனால் புழுதி அடங்கியபோது, கூடத்தில் நின்றாலே குளியலறைக் குழாய் தெரிந்தது.

சொல்லிவைத்தாற்போல் அதே வாரம், பேக்கரிக்காரர் கேட்டிருந்த வீட்டுக் கடனுக்காக வங்கி மதிப்பீட்டாளர் வந்தார். செங்கல் குவியலைத் தாண்டிக் கால் வைக்கவில்லை. “இந்த நிலைமையில கடனுக்கு எழுத முடியாது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை பேக்கரிக்காரர் தலைமுடியில் மாவு ஒட்டியபடியே வந்து நின்றார். முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

“நான் விட்டுடுறேன் சிஸ்டர். அட்வான்ஸ நீங்களே வெச்சுக்கங்க. உங்க வீட்ட இப்படி ஆக்கிட்டேன்.”

நர்ஸ் இடிந்த சுவரைப் பார்த்தாள். லிண்டல் உளுத்தது இவர் குற்றமா? இத்தனை வருஷமாக அவள்தான் தினமும் அதற்கடியில் நுழைந்து குளித்துவிட்டு வந்திருக்கிறாள்.

“நான்தான் சரின்னேன். யாரும் என் கையப் பிடிச்சு முறுக்கிச் சொல்ல வைக்கல. பத்திரம் மாறுற வரைக்கும் இது என் சுவரு, நான் எழுப்புறேன். நீங்க மத்தியானம் அடுப்பு வேலை முடிஞ்சதும் செங்கல் எடுத்துக் குடுக்க வாங்க.”

சேர்த்து வைத்திருந்த விடுப்பை மொத்தமாக எடுத்தாள். கொத்தனார் சுளுவாகப் பழைய அளவுக்கே மூடிவிடலாம் என்றார். “அப்ப எதுக்கு இடிச்சோம்?” என்று கேட்டாள், அவர் புது அளவுக்குக் கோடு போட்டார். வாளியும் துண்டுமாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். புது லிண்டலுக்குக் காலையும் மாலையும், நோயாளிக்கு மருந்து கொடுக்கிற கணக்காய், நேரம் தவறாமல் தண்ணீர் விட்டாள். ஒப்பந்தத்தை ரத்து செய்யும் தாளோடு வந்த தம்பி, கொத்தனார் “சார், இத கொஞ்சம் பிடிங்க” என்றதும் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைப் பிடித்தவன்தான், இருட்டும்வரை விடவில்லை. தாள் எங்கே போனதென்று அப்புறம் யாரும் தேடவில்லை.

மதிப்பீட்டாளர் மறுபடி வருவதாகச் சொன்ன காலையில் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் அம்மாவைக் குளித்துப் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். நாற்காலி இடிக்காமல் உள்ளே போனது. பழக்கதோஷத்தில் மருமகள் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நுழைந்தாள்.

“நீ வெளிய இரும்மா” என்றார் அந்த அம்மா.

“அத்தே, வழுக்கும்.”

“வழுக்கினா கூப்பிடுறேன். வெளிய இரு.”

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தானே தாழ் போட்டுக்கொண்டார். மருமகள் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாகக் கதவோரமே நின்றாள்.

அப்போதுதான் மதிப்பீட்டாளர் வந்தார். கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், மூடிய கதவின் முன் வந்து நின்றார்.

“இதையும் பாக்கணுமே. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. கொஞ்சம் வெளிய வரச் சொல்றீங்களா?”

பேக்கரிக்காரர் பதறிக் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். நர்ஸ் அந்தக் கையை அப்படியே பிடித்து நிறுத்தினாள். ஃபிளாட்டுக்குக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது என்பது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை.

“உள்ள ஆள் குளிக்கிறாங்க” என்றாள், பார்வை நேரம் முடிந்தும் கிளம்பாதவர்களிடம் பேசும் வார்டுக் குரலில். “உட்காருங்க சார்.”

நாற்காலிகளையெல்லாம் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோக மூட்டை கட்டியாகிவிட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த சிமெண்ட் மூட்டையின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். உள்ளே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் அவசரமே இல்லாமல் கேட்டது. நடுவில் நின்றது. சோப்பு வழுக்கி விழுந்ததோ என்னவோ, மெல்லிய சிரிப்பொன்று கேட்டது. பிறகு மறுபடி தண்ணீர். மதிப்பீட்டாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.