பந்தல் கம்பி

உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கிருபாவதியின் ஒர்க் ஷாப்புக்கு எதிரே இருக்கிற டீக்கடை முன்னால், அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் சுந்தரலிங்கம் போட்ட சத்தம், நாலு நாளாகியும் அவள் காதை விட்டு இறங்கவில்லை. எரிந்துபோன மோட்டாரை லோடு ஆட்டோவிலிருந்து தரையில் இறக்கிவைத்து, பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் கேட்கச் சொன்னார்.

"பொம்பள சுத்துன காயிலு இம்புட்டுத்தான் நிக்கும்."

இரண்டு மாதத்தில் அதே மோட்டார் மூன்றாவது தடவை எரிந்திருக்கிறது. அன்று சாயங்காலமே இரண்டு பேர் வந்து, சுற்றக் கொடுத்திருந்த மோட்டார்களைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். காரணம் கேட்டதற்கு ஒருத்தன் தரையைப் பார்த்தான். பதினோரு வருஷம் விரல் தேயச் சுற்றிச் சேர்த்த பேர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மீட்டர் வைத்துக் காட்டி மூடலாம் என்று நினைத்துத்தான், மறுபடி சுற்றிய மோட்டாரோடு அவளே அனுமந்தன்பட்டிக்குக் கிளம்பினாள்.

பந்தல் முழுக்கத் திராட்சை பிஞ்சு விட்டிருந்தது. தண்ணீர் காணாமல் இலை சுருண்டிருந்தது. சுந்தரலிங்கம் மோட்டார் ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வா என்று ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம், அவர் வாயிலிருந்து வருகிற எதுவும் இப்போது வேண்டாம் என்று இவளும் குனிந்து போல்ட்டை முடுக்கினாள்.

மோட்டாரைப் போட்டு, அதற்குக் கரண்டு வரும் ஒவ்வொரு வயரிலும், ஓடுகிற ஆம்பியரைக் காட்டும் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தாள். இரண்டு வயரில் பத்து ஆம்பியர், மூன்றாவதில் ஐந்துதான். உடனே நிறுத்தினாள்.

"பாத்தியா, ஒம் மோட்டாருதான்" என்றார் சுந்தரலிங்கம்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வயர்களையும் கழற்றி, ஒன்றின் இடத்தில் அடுத்தது வருமாறு வரிசையாக மாற்றிக் கட்டினாள். குறை மோட்டாரில் இருந்தால் அந்த ஐந்து ஆம்பியர் வேறு வயருக்கு நகரவேண்டும். மறுபடி போட்டாள். அதே மூன்றாவது வயர், அதே ஐந்து.

"மோட்டாரு நல்லாத்தாண்ணே இருக்கு. ஒங்க கரண்டுதான் நொண்டுது."

ஓடவிட்டே மெயின் சுவிட்சில் வோல்ட்டேஜ் பார்த்தாள். பீஸ் கட்டைக்கு மேலே மூன்று பேஸும் நானூற்றுப் பத்து வோல்ட்டில் ஒன்றுபோல நின்றன. கட்டைக்குக் கீழே மூன்றாவதோடு சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் நாற்பது வோல்ட் இறங்கியிருந்தது. மெயினை அணைத்து அந்தப் பீஸைப் பிடுங்கினாள். உள்ளே இருக்கவேண்டிய மெல்லிய பீஸ் கம்பி இல்லை. துருவேறி, முனை கருகி, திருகாணியில் ஒட்டியும் ஒட்டாமலும், திராட்சைக் கொடி படரக் கட்டுகிற பந்தல் கம்பித் துண்டு ஒன்று இருந்தது.

களையெடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி இருளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அடிக்கடி பீஸு போகுதுன்னு இவுகதான் தைப்பூசத்தப்ப அதப் போட்டாக" என்றாள் சாதாரணமாக.

தைப்பூசத்துக்குப் பிறகுதான் மூன்று தடவையும் எரிந்தது. ஒட்டாத கம்பியில் கரண்டு நொண்டி, எரிய வேண்டிய பீஸும் எரியாததால் இவள் சுற்றிய காயில் எரிந்திருக்கிறது. கிருபாவதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சரியான பீஸ் கம்பியைப் போட்டு ஓடவிட்டாள். மூன்று வயரும் எட்டு ஆம்பியரில் நின்றன. தண்ணீர் பந்தலுக்குள் பாய்ந்தது.

சுந்தரலிங்கம் குரலைத் தணித்தார். "சரி விடு தாயி, தெரியாமச் சொல்லிட்டேன். பழம் வரட்டும், ஒரு பெட்டி குடுத்து விடுறேன்."

"வைஞ்சது இங்கனயாண்ணே?"

அவர் பாயும் தண்ணீர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டீக்கடையில பத்துப் பேரு முன்னாடி வைஞ்சீக. அங்கன வந்து சொல்லுங்க. பழம் எனக்கு வேணாம்."

பந்தல் கம்பியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் கடைப்பெஞ்சு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. டீயும் பையன் கையில் கொடுத்துவிட்டால்தான் ஒர்க் ஷாப்புக்கு வரும். இன்று வந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். தனக்கொன்று, வரவேண்டியவருக்கொன்று என்று இரண்டு டீ சொல்லி, கருகிய கம்பியைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு டீயைக் குடித்து முடித்தாள். மற்றதில் ஆடை படிந்தது.

அனுமந்தன்பட்டிப் பக்கமிருந்து ஒரு பைக் வந்து வேகம் குறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, கம்பியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.