பாதி விசாரணை

நீதிமன்றத்தில் அவருக்கு வாய்தா என்றுதான் பெயர். முப்பத்தோரு வருடமாக நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, வழக்குக் கட்டைப் பிரித்து, வழக்கு எண்ணை வாசித்து, மேலிருந்து வரும் தேதியை நாட்குறிப்பில் எழுதி, கட்டுக்கு மறுபடி முடிச்சுப் போடுகிற எழுத்தர். வழக்குக்கு வருகிறவர்கள் நீதிபதியின் முகத்தைவிட இவர் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் விடவில்லை. குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். உங்கள் வாய்தாவைக் கோர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்பாள் அவள்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அவர் கையெழுத்தில் ஒரு பதிவு இருந்தால் வக்கீல்கள் அதைப்பற்றி மேற்கொண்டு வாய் திறக்க மாட்டார்கள். வாய்தா எழுதியிருக்கிறாரா, அப்படியானால் சரி என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்துவிடும். ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம். அந்தப் பேரோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தார்.

அப்போதுதான் புதிய நீதிமன்றம் வந்தது. வீட்டுக்குள் நடக்கிற அடி, உதை, கொலைகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று பதினைந்து வருடமாகக் குழு உட்கார்ந்தது, குழு எழுந்தது, அறிக்கை வந்தது, அறிக்கை தூங்கியது. பிறகு யாருக்கு என்ன தோன்றியதோ, ஆறே மாதத்தில் எல்லாம் நடந்தது. வளாகத்தின் பின்பக்கம் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு நீதிபதியையும் அனுப்பிவிட்டார்கள். பழைய நீதிமன்றங்களில் கிடக்கும் அந்த வகை வழக்குகளைப் பத்து நாளில் பட்டியல் போட்டு மாற்ற வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. சாட்சி விசாரணை தொடங்கிவிட்ட வழக்குகள் மாறாது. பாதி கேட்ட நீதிமன்றமே மீதியையும் கேட்க வேண்டும். காகிதத்தில் நியாயமாகத்தான் இருந்தது. பாதி கேட்ட நீதிபதிகளெல்லாம் மாற்றலாகி எங்கெங்கோ போய்விட்டார்கள் என்பதைக் காகிதத்துக்கு யார் சொல்வது?

பட்டியல் வேலை வாய்தாவின் தலையில் விழுந்தது. தொடங்குவதற்கு முன்னால் புதிய கட்டடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பின்புறச் சந்திலிருந்து தனியாக ஒரு கதவு. உள்ளே சின்ன அறை. ஒரு மேஜை, ஒலிவாங்கி, ஒரு கேமரா. சாட்சி அங்கிருந்து பேசினால் நீதிபதிக்குத் திரையில் தெரியும். சாட்சியின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவன் பட மாட்டான். தச்சர் ஒருவர் நாற்காலிக்கால்களை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சின்ன நாற்காலி யாருக்குங்க?" என்று கேட்டார் தச்சர்.

"சாட்சிக்கு" என்றார் வாய்தா. சொன்ன பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்களை ஏற்றிக்கொண்டே வந்தார். நாற்பத்திமூன்றாவது கட்டில் கை நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்புத் தாளில் அவருடைய அழகான கையெழுத்தே அவரைப் பார்த்தது: ‘முதல் சாட்சி ஆஜர். பிரமாணம் செய்விக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர் கூறினார். விசாரணை பாதி. மற்றவை அடுத்த தேதியில்.’

அந்த முதல் சாட்சிக்கு அப்போது எட்டு வயது. அவள் அம்மாவை அவள் அப்பா அடுப்படியில் வைத்துக் கொன்றதைக் கதவோரம் நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்குக் கூண்டில் ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் அவளை நிறுத்தினார்கள். ஜாமீனில் வந்திருந்த அப்பன், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு எதிரே நின்றான். ஒன்றும் செய்யவில்லை; தொண்டையை ஒருமுறை செருமினான், அவ்வளவுதான். பெயரென்ன பாப்பா என்று நீதிபதி மூன்று தடவை கேட்டார். குழந்தை வாயைத் திறக்கவில்லை. சட்டையின் கீழ்ப்பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்து கடைசியில் அதைப் பிய்த்துவிட்டாள். நீதிபதி கையை அசைத்து இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

அப்போதுதான் வாய்தா அதைச் செய்தார். அந்த நீதிமன்றத்தில் பாதி விசாரணையில் நிற்கிற வழக்குகள்தான் காலையில் முதலில் அழைக்கப்படும். மற்றவர்கள் மாலை வரை வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டும். ஒரே வராந்தா, ஒரே பெஞ்சு. அப்பனும் அங்கேதான் உட்காருவான். அடுத்தமுறை வரும்போது இந்தக் குழந்தை நாள் முழுக்க அந்தச் செருமலைக் கேட்டுக்கொண்டு உட்காரக் கூடாது என்று நெஞ்சு பொறுக்காமல், பேசாத வாயைப் பேசியதாக எழுதிவிட்டார். ஐம்பது தாளோடு ஐம்பத்தோராவது தாளாக நீதிபதியும் கையெழுத்துப் போட்டார். எழுத்தர்களுக்குள் இதற்கு ‘மேலே ஏத்துறது’ என்று பெயர். வாய்தா தன் வாழ்நாளில் பதினோரு தடவை மேலே ஏற்றியிருக்கிறார். நிறைமாதக்காரிக்கு, கண் தெரியாத கிழவருக்கு, இப்படி. யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்று நினைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நீதிபதி மாறினார், நாற்காலி காலியாகக் கிடந்தது, அப்பனின் வக்கீலுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. மூன்று வருடம் ஓடிவிட்டது. இன்று அந்த ஒரு வரி குறுக்கே படுத்துக்கொண்டு, இந்த வழக்கு மாறாது என்கிறது.

மறுநாள் குழந்தையின் சித்தி வந்தாள். துணி தைப்பவள், அக்கா போனதிலிருந்து குழந்தை அவளிடம்தான் வளர்கிறது. புதிய கோர்ட்டைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். அவளைக் கண்டதும் வாய்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வீட்ல நல்லாத்தான் பேசுறாய்யா" என்றாள் சித்தி. "எல்லாம் ஞாபகம் இருக்கு. யாராவது தொண்டையைச் செருமினா மட்டும் அப்படியே நின்னுடுறா. அவன் இல்லாத ரூம் ஒண்ணு இருக்காமே. அங்கன்னா சொல்லிடுவேன்னு அவளே சொல்றா. எங்க கேஸு அங்க போகுதுல்ல?"

பட்டியல் இன்னும் முடியவில்லை, வெள்ளிக்கிழமை தெரியும் என்றார். சொல்லும்போதே, இதுவும் ஒரு வாய்தாதான் என்று அவருக்கே கேவலமாக இருந்தது.

ஆவண அறையில் இருக்கும் பழைய சிநேகிதர் சுலபமான வழி சொன்னார். மூச்சுக் காட்டாமல் பட்டியலில் சேர்த்துவிடு. நாட்குறிப்பை யார் புரட்டப்போகிறார்கள்? வாய்தாவுக்குத் தெரியும், அப்பனின் வக்கீல் புரட்டுவான். குழந்தை பேசி முடித்தபிறகு புரட்டுவான். மாற்றியதே செல்லாது என்று மேல்கோர்ட்டுக்குப் போவான். அவள் மறுபடி பழைய கூண்டுக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்னதும் சிநேகிதர் கொஞ்சநேரம் தாடையைத் தடவினார். அப்படியானால் பேசாமல் இருந்துவிடு, நாலு மாதம்தானே என்றார்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். உத்தியோகத்துக்கு ஆபத்தா என்று கேட்டாள். ஆபத்துதான், பொய்ப்பதிவு என்றால் விசாரணை வைப்பார்கள் என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கும் அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் காலையிலேயே ஆவண அறைக்குப் போய், தான் மேலே ஏற்றிய பதினோரு வழக்குகளையும் தேடினார். ஏழு முடிந்துபோயிருந்தன. நாலு உயிரோடு இருந்தன. நாலுக்கும் சேர்த்து எழுதினார். குழந்தையுடையதை மட்டும் எழுதி மற்றதைப் பூசி மெழுகிவிடலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் உண்மையை எழுத உட்கார்ந்துவிட்டு அதில் பாதியை ஒளிப்பது அவருக்கே சகிக்கவில்லை.

பழைய நீதிமன்றத்துக்கு வந்து மூன்றே மாதமாகியிருந்த நீதிபதி அம்மாள், தன் அறையில் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் குழந்தையோட வாக்குமூலத் தாள் எங்க?"

"இல்லம்மா. எழுதவே இல்ல. பாப்பா வாயைத் திறக்கல."

"தாள் இல்லாததைக் காட்டியே நான் உத்தரவு போடலாம். உங்க கடிதம் எதுக்கு?"

"தாளை ஒளிச்சுட்டோம்னு அந்த வக்கீல் சொல்லுவாரும்மா. என் பதிவுக்கு எதிரா வேற யாரும் பேச முடியாது. நான்தான் பேசணும்."

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க கையெழுத்துல முப்பத்தோரு வருஷப் பதிவு இருக்கு. நாலு பொய்னு நீங்களே எழுதித் தரீங்க. மத்ததை இனி யாரு நம்புவா? யோசிச்சீங்களா?"

அது அவர் யோசிக்காத ஒன்றல்ல. இரண்டு நாளாக வேறெதையும் யோசிக்கவில்லை. ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

"யோசிச்சேம்மா. நம்ப வேண்டாம். பாப்பா பேசட்டும்" என்றார்.

நீதிபதி அம்மாள் கடிதத்தில் முத்திரை வைத்து, அன்றே இரண்டு உத்தரவு போட்டார். சாட்சி விசாரணை தொடங்கவே இல்லை என்று நாலு பதிவையும் திருத்தி, குழந்தையின் வழக்கைப் புதிய நீதிமன்றத்துக்கு மாற்றியது ஒன்று. எழுத்தர்மீது விசாரணை, அதுவரை மேடைக்குக் கீழே உட்காரக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் நாட்குறிப்பில் எழுதியது வாய்தாதான். அதுதான் அவர் அங்கே எழுதிய கடைசிப் பதிவு.

அவரை நகல் பிரிவுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பு, வாக்குமூலம் இவற்றின் நகல் கேட்டு வருகிறவர்களுக்குத் தட்டச்சு செய்து, அசலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற இடம். வராந்தாவில் அவரைக் கண்டால் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த வக்கீல்கள் இப்போது பேச்சை மாற்றினார்கள். இளம் வக்கீல் ஒருவன் நகலை வாங்கிக்கொண்டு, இது நிஜமா, மேலே ஏற்றியதா என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வாய்தா தலையைக் குனிந்துகொண்டார். வலித்தது. அது பொய் என்று மறுக்கக்கூட அவரால் முடியவில்லை.

ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அப்பனின் வக்கீல் நகல் கேட்டிருந்த ஒரு வாக்குமூலம் அவர் மேஜைக்கு வந்தது. எண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்பத்திமூன்றாவது கட்டு.

ஒன்பது பக்கம் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை எடுத்தார். சாட்சியின் பெயர் என்ற இடத்தில் பெயர் இருந்தது. அதற்கடுத்து அச்சில் ‘தந்தை பெயர்’ என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே ‘தாய்’ என்று கையால் எழுதி, இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் நீதிபதியின் சுருக்கொப்பத்தோடு ஒரு குறிப்பு: ‘சாட்சி கேட்டுக்கொண்டபடி.’

தந்தை பெயர் கூறினார் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் எழுதியது ஞாபகம் வந்தது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை சொல்ல விரும்பாத ஒரே பெயரை அவள் வாயில் வைத்திருக்கிறார். யாரும் கேட்காமலே வைத்திருக்கிறார்.

பிறகு அசலை இடதுபக்கமும் நகலை வலதுபக்கமும் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒன்பது பக்கத்தையும் ஒப்பிட்டார். ஆறாம் பக்கத்தில், ‘அம்மா என்னைப் பார்த்து, வெளியே போ என்றாள்’ என்ற இடத்தில் தட்டச்சுக்காரர் ‘என்னைப் பார்த்து’ என்பதை விட்டிருந்தார். அதைச் சேர்க்கச் சொல்லி அந்தப் பக்கத்தை மறுபடி அடித்து வாங்கினார். கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினார்: அசலோடு ஒப்பிட்டேன், சரியாக இருக்கிறது. அதன்கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.