பார்வை சரி

எண்ணூரில் கண்டெய்னர் அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் ரூபினாவுக்கு எச்.ஆர். வேலை. முன்னூறு பேர் வேலை செய்யும் இடம். லீவு கேட்பவர்கள், அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள், பிஎஃப்பில் பேர் தப்பாக ஏறிப்போனவர்கள், எல்லோரும் அவள் மேசைக்குத்தான் வருவார்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை நடத்துவதும் அவள் பொறுப்பு.

பதினெட்டு வருஷமாகப் பெரிய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரகுபதி அன்று நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடகடவென்று படித்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரகுபதி சொன்ன வரிசை அந்தப் பலகையிலேயே இல்லை. முதலுதவி அறையில் பல வருஷமாகத் தொங்கிய பழைய பலகை கிழிந்துபோனதால் டாக்டர் தன்னுடையதைக் கொண்டு வந்திருந்தார். ரகுபதி ஒப்பித்தது பழையதை.

ரூபினா பழைய படிவங்களைப் புரட்டினாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவருடைய படிவத்தில் 'பார்வை சரி' என்று சீல் குத்தியவள் அவள்தான்.

இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதுவரை வண்டியில் ஏறவே கூடாது. ரூபினா சாவியைக் கேட்டாள். ரகுபதி அதை மேசையில் வைத்துவிட்டு, "இன்னா மேடம், வவுத்துலயே கை வெச்சிட்டியே" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

யார்டு மேனேஜர் வால்டர் வேறு ஆள் பார்க்கச் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ரூபினா மூன்று மாத அவகாசம் கேட்டாள். அதுவரை ரகுபதியை ஸ்டோரில் உட்கார வைக்கலாம், ஆபரேஷனுக்கு இஎஸ்ஐ இருக்கிறது என்றாள். ஆள் ஒத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் வால்டர்.

ஆள் போனையே எடுக்கவில்லை. நான்காம் நாள் ரூபினா திருவொற்றியூர் குப்பத்துக்கே போனாள். ரகுபதியின் மனைவி மங்கை மீன் விற்றுவிட்டு வந்து அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை, பயம்தான் என்று மங்கை தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆபரேஷனில் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டால் என்ன பண்ணுவது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

ரூபினா தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, தப்பு உங்க பேர்ல மட்டும் இல்ல. ரெண்டு வருசமா நிமிந்துகூட பாக்காம சீல் போட்டது நானு. வண்டி யார் மேலயாவது ஏறியிருந்தா என் கையும்தான் அதுல கீது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வரேன்."

ரகுபதி எழுந்து உட்கார்ந்தார். அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு மங்கையிடம் சட்டையை எடுக்கச் சொன்னார்.

முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது. நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு முறையும் ரூபினா மங்கையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தாள். இரண்டாவது கட்டைப் பிரித்ததும் அவர் மனைவியை உற்றுப் பார்த்து, தலை இவ்வளவு நரைத்துப்போனதை ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டார். மங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். ரகுபதி ஏறினார். ஒரே ஒரு சுற்றுதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆபீஸுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் வலிக்கிறதா என்று ரூபினா பதறிப்போய்க் கேட்டாள்.

"கண்ணு நல்லாகீதும்மா. அதான் பேஜாரே. தரையில போட்ட மஞ்சக் கோட்டு ஓரமா எத்தினி பேரு நடந்துகினு கீறாங்க தெரியுமா? சங்கிலி மாட்ற டில்லிபாபு, பெருக்கற சிவந்தி... இத்தினி நாளு அவங்க என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. சத்தத்த வெச்சே ஓட்டிகினு இருந்துகிறேன். நீ அன்னிக்கு சாவிய வாங்காம வுட்டிருந்தா..."

கும்பிடப் போன அவர் கையைப் பிடித்து ரூபினா நாற்காலியில் உட்கார வைத்தாள். டீ வரவழைத்தாள். குடித்து முடித்ததும், ஒரு வாரத்துக்கு வண்டிக்கு முன்னால் கொடி காட்ட ஓர் ஆள் போட முடியுமா என்று கேட்டார். அவள் அப்போதே எழுதிக் கொடுத்தாள்.

அன்று மாலை வண்ணாரப்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோ டோல்கேட் சிக்னல் நெரிசலில் மாட்டி நின்றது. ரூபினா அந்த இரண்டு வருஷத்தையும் நினைத்துப் பார்த்தாள். எத்தனை நாள், எத்தனை சுற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனசு நிறைந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து சிக்னல் விழுந்து ஆட்டோ நகர்ந்தது. அதற்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்த பக்கத்து சீட்டுப் பூக்காரம்மா, "ஆமா, இப்பனாச்சும் வுட்டானே" என்றாள்.

ரூபினா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.