பாத்தி நிரம்பும் பொழுது

தென்மேற்குப் பருவமழை மலைகளுக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்காற்றாய் மெலிந்து வந்து சேரும் வடகரப்பதியில், மழை பொய்த்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டின் தைத்திங்கள் காலையில், தென்னங்கீற்றுகளின் நுனியில் இளவெயில் ஏறும் வேளை, கிணற்றுநீர் கன்றைப் பிரியும் பசுவெனத் தயங்கித் தயங்கி மிளகாய்ப் பாத்திகளை நோக்கிச் செல்வதைக் காண்பீர். அந்நீருக்கு மடைமாற்றி நிற்பவள் செல்லாத்தாள், அகவை முப்பத்துநான்கு. சிறுகுழந்தைகள் பள்ளியில் ஆயா வேலை ஒன்று இருந்தது. ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், முப்பத்தைந்து கடந்துவிட்டால் கிடையாது. ஆதலின் பங்குனியில் வரும் ஏழாம் வகுப்புத் தேர்வே அவளுக்கு முதலும் முடிவும்.

மாலை வகுப்பு நடத்திய ஆசிரியர் காளிச்சாமியிடம் ஒருநாள் அவள் நூலைத் திருப்பி நீட்டினாள்.

“படிக்க நேரமில்லீங்க வாத்தியாரே. ஊட்டு வேலை, எருமை, காடு… கோழி கூப்புட எந்திரிச்சாலும் பத்தறதில்லீங்க.”

“ஒரு பாத்தி ரொம்பற வரைக்கும் என்னங்கம்மா பண்ணுவீங்க?”

“மம்முட்டியப் புடிச்சுட்டு நிப்பனுங்க. பின்னே, கும்மியா அடிப்பாங்க?”

“அந்த நிக்கற நேரந்தானுங்க உங்க படிப்பு நேரம்.”

அம்முறை இயங்கும் வகை எளிது. தலைப்பாத்தி விரைவில் நிரம்பும். அதற்குள் ஐந்து சொற்கள் எழுதலாம். வாய்க்கால் நீள நீள, வழிமண் குடித்தது போக எஞ்சிய நீரே சேர்வதால், கடைப்பாத்திக்கு இருமடங்கு பொழுது ஆகும். கடினமான கணக்குகள் அங்கே. நீர் வரப்பைத் தொட்டதும் நூலை மூடி மடைமாற்ற வேண்டும். இவ்வாறு நாற்பது பாத்திகள் நாற்பது பாடத்துண்டுகள் ஆயின.

மாசியில் கிணறு தாழ்ந்தது. ஐந்து சொற்களுக்குள் நிரம்பிய பாத்தி, பதினைந்து எழுதியும் நிரம்பவில்லை. பின்னக் கணக்கு அவளுக்குத் தெளியத் தெளிய, மிளகாய் இலைகள் சுருண்டன. தன் தேர்ச்சி எதனால் வளர்கிறதென்று ஒருநாள் உணர்ந்தாள். எழுதுவதை நிறுத்தி, ‘சீக்கிரம் வா, சீக்கிரம் வா’ என நீரிடம் மன்றாடினாள்.

“நீ பாசாயிருவ போ, செடிதான் பெயிலு” என்றான் கணவன் பொங்கியண்ணன். சிரிக்க முயன்றவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள், கடைப்பாத்தியில் நின்று எல்லாக் கணக்குகளையும் முடித்தாள். நீர் வரவேயில்லை. பொங்கியண்ணன் வந்து வரப்பில் குந்தினான்.

“சேத்தத்தான் இழுக்குது. மோட்டாரை நிறுத்திப்போட்டேன்.”

“செடிக்கு என்னங்க பண்றது?”

“செடி போச்சு. இனி அந்த ஆயா வேலைதான் நம்மூட்டு வெள்ளாமை. நல்லா எழுதிப்போடு, புள்ளே.”

பொழுதற்றார்க்குப் பொழுது வாய்ப்பது எப்போதும் நன்மையினால் அன்று. அவள் விடைகளை மீண்டும் பார்த்தாள், ஒன்றிலும் பிழையில்லை. அவள் பார்த்திருக்கும்போதே வாய்க்காலின் ஈரம் வெளிறி மண்ணாயிற்று.