நடுவர் பார்க்காத இடம்

கோடி எடுக்கப் போன கடையில், "என்ன விசேஷம்ண்ணே?" என்று விற்பனைப் பெண் அருண்பாண்டியைக் கேட்டாள். அக்காவுக்கு என்று மட்டும் சொன்னான். அவள் சரிகைச் சேலைகளாக எடுத்துப் பரப்பினாள். தாலி இறக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுபோய்ப் போர்த்தும் சேலை அது என்று எந்த வாயால் சொல்வது? மெல்லிய கரை போட்ட பச்சைச் சேலை ஒன்றைத் தானே உருவி எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றத்துக்கு பஸ் ஏறினான். அக்கா முனீஸ்வரி வாக்கப்பட்ட வீடு அங்கேதான். அன்றைக்கு அவள் புருஷன் சூரியபிரகாஷுக்குக் கருமாதி.

கோடி போர்த்துவதற்குள் அக்காவிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அந்தச் சேலையை அவள் தலையில் போட்டால் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. சொன்னாலோ, அக்கா அவனுக்கு இல்லாமல் போய்விடக்கூடும். தாய் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு ஊட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். பஸ் போய்க்கொண்டே இருந்தது, அவன் வாய்க்குள்ளேயே வாக்கியத்தைக் கோத்தான். ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்துபோனது.

அருண்பாண்டி வாட்டர்போலோ ஆட்டக்காரன். இதைச் சொந்த ஊரான திருவாதவூரில் விளக்க அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நீச்சல் குளத்தின் இரு பக்கமும் கோல் வலை, பக்கத்துக்கு ஏழு பேர், ஆட்டம் முடியும்வரை கால் தரையில் படக்கூடாது என்று அவன் சொல்லிக்கொண்டே போக, ஊர்ப் பெரிசுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். "அப்ப குளிக்கிறதுக்குத்தேன் கவர்மென்ட்டு சம்பளம் குடுக்குதாக்கும்" என்று ஒருவர் முடித்துவைப்பார். அந்தக் குளியல்தான் அவனை ராணுவத்தில் சேர்த்தது, இந்தியத் தொப்பி போட்டு நான்கைந்து நாடுகளுக்குக் கூட்டிப்போனது. அவன் தடுப்பாட்டக்காரன். எதிரணியின் மலை போன்ற ஆட்களைக் கோலுக்கு முன்னால் மறித்து மல்லுக்கட்டுவது அவன் வேலை.

அணியின் பயிற்சியாளர் பீமாராவ் முதல் நாளே இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, நடுவருக்குக் கண் தண்ணீருக்கு மேலேதான். கீழே இடுப்பைப் பிடிப்பதும் உதைப்பதும் உள்ளதுதான், மேலே முகம் சாமி கும்பிடுகிறவன் முகம் மாதிரி இருக்க வேண்டும். இரண்டு, உன் மேல் ஒரு கை விழுந்தால் யோசிக்காதே, யோசிக்கிற நேரத்தில் கோல் விழுந்துவிடும். இந்த இரண்டாவது பாடத்துக்காக மட்டும் அவர் தினமும் தனியாக நேரம் ஒதுக்கினார். பின்னாலிருந்து ஒருவன் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். தாடையை மார்போடு ஒட்டி, தோளைத் திருப்பி, முழங்கையால் பிடியை அறுத்து, அவன் வயிற்றில் கால் வைத்து ஓர் எத்து. அது புத்தியை விட்டு உடம்புக்குப் போகும்வரை விடமாட்டார்.

போகத்தான் செய்தது. ஒரு லீவில் வந்தபோது முனீஸ்வரி விளையாட்டாகப் பின்னால் வந்து அவன் கண்ணைப் பொத்தப்போக, மறுநொடி அவள் கை முறுக்கப்பட்டிருந்தது. "எருமை, நாந்தேன்டா!" என்று அவள் கத்தினாள். சூரியபிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். கப்பலூரில் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டுகிறவன் அவன், வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலில் வராமல் நடுவில் வந்த பழக்கமும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.

மழைக்குப் பிறகு திருவாதவூரில் அவர்கள் தோட்டத்துக் கிணறு தளும்ப நின்றது. தண்ணீருக்குள் கிடந்த குழாயின் அடிவாயில் சகதி அடைத்துக்கொண்டு மோட்டார் இழுக்காமல் போக, மாமனாருக்கு, அதாவது அருண்பாண்டியின் அப்பா முத்திருளனுக்கு, உதவ சூரியபிரகாஷ் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அருண்பாண்டியும் லீவில் இருந்தான். ஸ்பேனர் எடுக்க முத்திருளன் மோட்டார் ரூமுக்குள் போன நேரம், பாசிப் படியில் மச்சானின் கால் வழுக்கியது. அவனுக்கு நீச்சல் தெரியாது. அருண்பாண்டி அடுத்த மூச்சில் குதித்துவிட்டான்.

உள்ளே செம்மண் கலங்கல். கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. துழாவிக்கொண்டு திரும்பியவனின் கழுத்தைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து வளைத்தன. தாடை மார்போடு ஒட்டியது. தோள் திரும்பியது. முழங்கை அறுத்தது. கால் ஒரு வயிற்றைத் தேடிப் பிடித்து எத்தித் தள்ளியது. அருண்பாண்டி மேலே வந்து மூச்சு வாங்கினான். அந்தக் கணத்தில் அவன் கண் பந்தைத் தேடியது. பிற்பாடு அவனை உருக்கிக் குடித்தது இதுதான். மச்சான் உள்ளே செத்துக்கொண்டிருக்க, அவன் பந்தைத் தேடினான்.

பிறகு முங்கினான். முங்கிக்கொண்டே இருந்தான். மூக்கில் ரத்தம் வடிய, கரையில் ஊரே கூடி "போதும்டா, ஏறி வாடா" என்று கதறக் கதற முங்கினான். கடைசியில் தீயணைப்புக்காரர்கள்தான் பாதாளக்கரண்டி போட்டு எடுத்தார்கள். ஊர் பார்த்தது முங்கியதை மட்டும்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருத்தன் இப்படிப் போராடமாட்டான் என்று ஊர் பேசியது. மறுத்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, முகம் மட்டும் சாமி கும்பிடுகிறவன் முகம் மாதிரி இருந்தது.

கருமாதி வீட்டுப் பந்தலில் காலெடுத்து வைத்ததும் பக்கத்து வீட்டுச் சுருளி பிடித்துக்கொண்டான். தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு வாத்தியார் அவன்.

"அண்ணே, இந்த நேரத்துல கேக்குறது தப்புத்தேன். நீங்க போறதுக்குள்ள எங்க பசங்கட்ட நாலு வார்த்த பேசணும். இம்புட்டு வருச ஆட்டத்துல என்ன கத்துக்கிட்டீக, அத மட்டும் சொன்னாப் போதும்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு அருண்பாண்டி வேகமாக உள்ளே போனான்.

முனீஸ்வரியை உள்ளறையில் உட்காரவைத்திருந்தார்கள். கடைசியாக ஒருமுறை தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய பொட்டு. கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இவ்வளவு பூ வைக்கவில்லை. சுற்றியிருந்த பெண்களிடம் அக்காவோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றான். "பேசு சாமி, நீ பேசாம யாரு பேச" என்று எழுந்துபோனார்கள்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் முனீஸ்வரி.

"அக்கா, அன்னைக்கு மச்சான் எங்கையில சிக்குனாருக்கா."

அவள் நிமிர்ந்தாள். "ஆளு தட்டுப்படவே இல்லன்னுதான சொன்னாக?"

"குதிச்ச ஒடனே சிக்குனாரு. பின்னாடி வந்து கழுத்தக் கட்டிப் பிடிச்சாரு. நான் ஒதறிட்டேன். மிதிச்சுத் தள்ளிட்டேன்க்கா. வேணும்னு செய்யல, சத்தியமா வேணும்னு செய்யல. கை அதுபாட்டுக்கு..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. முனீஸ்வரியின் இடது கை போய்த் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தது. அவன் அன்று முறுக்கிய கை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே யாரோ அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார்கள்.

"பலமாப் பிடிச்சாரா?"

"ஆமாக்கா."

"அப்ப ரொம்பப் பயந்துருக்காரு." கண்ணீர் கன்னத்தோடு இறங்கியது. "கரண்டு போனாலே என்னயத் தேடுற மனுசன்."

அருண்பாண்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் அடிக்கவில்லை.

"இத ஏன்டா எங்கிட்டச் சொன்ன?"

"மனசு தாங்கலக்கா. உன்ட்டச் சொல்லாம வேற யார்ட்டச் சொல்ல?"

"உனக்குத் தாங்கல, எறக்கி வச்சுட்ட. நாளைக்கு ரயிலேறிப் போயிருவ. நான் அவரப் பெத்தவ கூட ஒரே வீட்டுல ஒரே அடுப்புல கெடக்கணும். தெனமும் அந்தம்மா மொகத்தப் பாத்துச் சோறு போடணும். நான் இத எங்கிட்டுடா எறக்கி வைக்க?"

அவன் அதை யோசித்திருக்கவே இல்லை. சொல்வது தன் கடமை, கேட்பது அக்காவின் உரிமை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தான். கழுத்தை இறுக்கியதை உதறித் தள்ளியிருக்கிறான், இரண்டாவது முறையாக. இந்தத் தடவையும் கீழே போனது அவனில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்து விழுங்க வழியிருந்தால் அங்கேயே விழுங்கியிருப்பான்.

"பொறந்த வீட்டுக் கோடிக்காரவுக வாங்கப்பா, நேரமாச்சு" என்று வாசலில் குரல் கேட்டது.

முனீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எந்திரி. ஊரு காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

பெண்கள் அவளைக் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், தாலியை இறக்கினார்கள். சத்தம் ஓய்ந்ததும் அருண்பாண்டி பச்சைச் சேலையை விரித்து அக்காவின் தலையில் போர்த்தினான். ஒருபக்கம் சரிந்தது. முத்திருளன் வந்து சரிசெய்தார்.

அப்போதுதான் சூரியபிரகாஷின் தாய் செல்லத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஏஞ்சாமி, ஒன்னே ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். எம்மகன் அந்தத் தண்ணிக்குள்ள ஒத்தையிலயா செத்தான்? நீ கிட்டப் போனியா? அவனத் தொட்டியாவது பாத்தியா?"

கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. அருண்பாண்டி வாயைத் திறந்தான். உண்மை தொண்டைவரை வந்துவிட்டது.

"ஒத்தையில இல்ல அத்த." போர்த்திய சேலைக்குள்ளிருந்து முனீஸ்வரியின் குரல் தெளிவாக வந்தது. "தம்பி கையில சிக்கித்தேன் இருந்தாரு. எங்க நீங்க தாங்க மாட்டீகன்னுதேன் தம்பி இத்தன நாளாச் சொல்லல. தம்பி அவரக் கெட்டியாப் பிடிச்சிருந்திருக்கு, விடவே இல்ல. தம்பிக்கு மூச்சு முட்டுறதப் பாத்து, இவனும் தங்கூடப் போயிரக் கூடாதுன்னு, அவராத்தேன் கைய விட்டுட்டாரு."

கூடத்தில் ஒரு விம்மல் எழுந்து அடங்கியது. கருமாதி வீட்டில் அன்று முதன்முறையாகச் செல்லத்தாயின் முகம் இளகியது.

"செய்வான். எம்மகன் செய்யக்கூடியவந்தேன்" என்றாள்.

அருண்பாண்டி அக்காவைப் பார்த்தான். அவள் சேலையை இன்னும் கீழே இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். செல்லத்தாய் அவன் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.